மூத்திரக் கோளாறு: மறைத்தால் கேடு, சொன்னால் தீரும்

(தம்பின் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றியும், போனஸைப் பற்றியும், வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றியும் சங்க மேடைகளில் நாம் பலமுறை பேசியிருக்கின்றோம். இன்று பேசப் போவது கொஞ்சம் கூச்சம் தரும் விஷயம். மூத்திரம் போவதைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். சிரிக்கிறவர்கள் இப்பொழுதே சிரித்துவிடலாம். ஆனால் சிரித்து முடித்த பிறகு காது கொடுத்துக் கேட்க வேண்டுகிறோம். ஏனென்றால், இந்தக் கூட்டத்தில் 50 வயதைக் கடந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்தப் பேச்சு தேவைப்படும். 80 வயதைத் தாண்டியவர்கள் இருந்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தேவைப்படும்.

கண் மங்கினால் நாலு பேரிடம் சொல்லுகிறோம். முழங்கால் வலித்தால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுகிறோம். மூத்திரம் சரியாகப் போகவில்லை என்பதை மட்டும் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டோம். கேட்டால், "உடம்புச் சூடு" என்போம். பார்லித் தண்ணீர் குடிப்போம், இளநீர் குடிப்போம், எண்ணெய் தேய்த்து முழுகுவோம். வேறு சிலர், இது வாலிப வயதில் செய்த தவறுக்கு வந்த வெட்டை நோயோ என்று உள்ளுக்குள்ளே பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். சூடும் அன்று, வெட்டையும் அன்று. பெரும்பாலும் வயதினால் வருகிற ஒரு வீக்கம் அது.

வீக்கம் எங்கே?

ஆண்களின் உடம்பிலே, மூத்திரப்பைக்குச் சற்றுக் கீழே புராஸ்டேட் என்ற ஒரு சுரப்பி இருக்கிறது. விந்தோடு சேருகிற நீரைச் சுரப்பது அதன் வேலை. பெண்களுக்கு இந்தச் சுரப்பி கிடையாது. வாலிப வயதில் இது ரப்பர் விதையைவிடப் பெரிதாய், ஏறக்குறைய 20 கிராம் எடையில் இருக்கும். மூத்திரப்பையிலிருந்து வெளியே வரும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே நுழைந்து வருகிறது. தொல்லைக்கெல்லாம் காரணம் அதுதான்.

40 வயதுக்கு மேல் பெரும்பாலான ஆண்களுக்கு இந்தச் சுரப்பி மெல்ல மெல்லப் பருக்கத் தொடங்குகிறது. பருக்கிற சுரப்பி நடுவிலே போகும் குழாயை நெருக்குகிறது. தோட்டத்தில் தண்ணீர் போகும் ரப்பர் குழாயை ஒருவர் காலால் மிதித்தால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும் ஆகிறது.

பால் மரம் வெட்டும் தோழர்களுக்கு இதை இன்னும் எளிதாகச் சொல்லலாம். காலையில் வெட்டிய உடனே பால் கோடாக ஓடி மங்கில் இறங்குகிறது. நேரம் ஆக ஆகச் சொட்டுச் சொட்டாகி நின்றுவிடுகிறது. மரத்தில் பால் தீர்ந்து போனதாலா நின்றது? இல்லை. வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்துக்கொண்டது. மறுபடியும் பட்டையைச் சீவினால் மறுபடியும் வருகிறது. மனிதனுக்கும் அப்படியே. மூத்திரம் சொட்டுச் சொட்டாக வருகிறதென்றால் பையில் மூத்திரம் இல்லை என்று அர்த்தமில்லை. பை நிறைந்தே இருக்கலாம், வழிதான் அடைபட்டிருக்கிறது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சுரப்பி எவ்வளவு பெரிது என்பதும் தொல்லை எவ்வளவு பெரிது என்பதும் ஒன்றல்ல. மிகவும் பருத்த சுரப்பி உள்ளவர் நிம்மதியாக இருப்பார். கொஞ்சமே பருத்தவர் தவித்துக்கொண்டிருப்பார். ஆகவே தொல்லையைப் பற்றி நாம் வாய் திறந்து சொன்னாலொழிய, டாக்டர் அளவைப் பார்த்து மட்டும் நம் கஷ்டத்தை அறிந்துவிட முடியாது.

ஏழு கேள்விகள்

1992-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர்கள் ஏழு கேள்விகளைத் தொகுத்தார்கள். இன்று உலகமெங்கும் டாக்டர்கள் அவற்றைத்தான் கேட்கிறார்கள். படித்தவர், படிக்காதவர் எல்லாரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளக்கூடிய கேள்விகள் அவை. கடந்த ஒரு மாதத்தை நினைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

முதலாவது: மூத்திரம் போய் முடித்த பிறகும் இன்னும் பையில் மிச்சம் இருப்பதுபோல் தோன்றுகிறதா?

இரண்டாவது: போய்விட்டு வந்து இரண்டு மணி நேரம் ஆகுமுன்னே மறுபடியும் போக வேண்டியிருக்கிறதா?

மூன்றாவது: போகும்பொழுது நின்று நின்று, விட்டு விட்டு வருகிறதா?

நான்காவது: வந்துவிட்டால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருக்கிறதா?

ஐந்தாவது: முன்போல் விசையாக வராமல் தாரை மெலிந்துவிட்டதா?

ஆறாவது: தொடங்குவதற்கு முக்க வேண்டியிருக்கிறதா?

ஏழாவது: படுத்த பிறகு விடியும் வரையில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?

முதல் ஆறு கேள்விகளுக்கும், இல்லவே இல்லையென்றால் சைபர், எப்பொழுதுமே அப்படித்தான் என்றால் 5. நடுவில் உள்ளவற்றுக்கு நடுவில் உள்ள எண். கடைசிக் கேள்விக்கு எத்தனை முறை எழுகிறீர்களோ அத்தனை புள்ளி. ஐந்து முறைக்கு மேல் எழுந்தாலும் 5 தான். மொத்தம் 35. கூட்டிப் பார்க்கையில் 7 வரை வந்தால் தொல்லை சிறிது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-ம் அதற்கு மேலும் கடுமை. கிராணித் தோழர்களுக்குக் கணக்கு கைவந்த கலை அன்றோ? பெரட்டில் பேர் எழுதுகிற கையாலேயே லயத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கையும் போட்டுக் கொடுத்தால் அது பெரிய புண்ணியம். அந்தக் காகிதத்தை டாக்டரிடம் நீட்டிவிட்டால் கூச்சத்தோடு வாயால் சொல்ல வேண்டிய அவசியமும் பாதி குறைந்துவிடும்.

தோட்டத்துத் தொழிலாளி இந்த அடையாளங்களைத் தாமதமாகவே கண்டுகொள்கிறார். காரணம் இருக்கிறது. ஆபீஸில் வேலை செய்கிறவர் நாற்காலியை விட்டுப் பத்துத் தடவை எழுந்து போனால் பக்கத்து மேஜைக்காரருக்குத் தெரியும். தீம்பாரில் நிரை நிரையாக நடக்கிறவர் மரத்தின் மறைவில் எத்தனை முறை நின்றாலும் யாரும் எண்ணுவதில்லை, அவரும் எண்ணுவதில்லை. இராத்திரிதான் உண்மையைச் சொல்லும். அதை முதலில் அறிகிறவர்கள் வீட்டுப் பெண்கள். ஆகவே தாய்மார்களே, கணவரோ, அப்பாவோ, மாமனாரோ இரவில் மூன்று முறை, நான்கு முறை கதவு திறந்து வெளியே போகிறார் என்றால் அதைக் கவனியுங்கள். அவர் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவருக்கு இரவுத் தூக்கம் நாலு துண்டாக அறுந்தால் கையும் தளரும், கண்ணும் தளரும். இருட்டில் எழுந்து போகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் உண்டு.

சர்க்கரையா, சுரப்பியா?

அடிக்கடி மூத்திரம் போவதெல்லாம் புராஸ்டேட் வீக்கம் என்று நினைத்துவிடலாகாது. இந்த நாட்டில் இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம். 2019-ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், பெரியவர்களில் 100-க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 100-க்கு 31 பேர்! நீரிழிவுக்காரர் ஒவ்வொரு முறையும் நிறையப் போவார், தாகமும் இருக்கும், உடம்பும் இளைக்கும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர் அடிக்கடி போவார், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போவார். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். எது என்று நாமாகத் தீர்மானிப்பது தவறு. மூத்திரத்தையும் இரத்தத்தையும் சோதித்தால் தெரிந்துவிடும்.

புற்று நோயா என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். நாம் பேசுகிற வீக்கம் புற்று நோய் அன்று, அது புற்று நோயாக மாறுவதும் இல்லை. ஆனால் அதே சுரப்பியில் புற்று நோயும் வரலாம், அடையாளங்களும் ஒன்றுபோல் இருக்கலாம். அதனால்தான் டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறோம். அவர் ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடத்து வேலை அது. வலியைவிடக் கூச்சமே பெரிது. தேவையானால் இரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற பரிசோதனையும், வயிற்றை ஸ்கேன் செய்து பையில் எவ்வளவு மூத்திரம் மிச்சம் நிற்கிறது என்ற பரிசோதனையும் செய்வார்கள்.

பெரிய மனிதர்களுக்கும் வந்தது

இது ஏழைக்கு மட்டும் வந்த வியாதி என்று எண்ண வேண்டாம். 1963 செப்டம்பர் 16-ஆம் தேதி மலேசியா பிறந்தது. அதற்கான ஒப்பந்தம் அவ்வாண்டு ஜூலையில் இலண்டனில் கையெழுத்தானபோது பிரிட்டனின் பிரதம மந்திரியாக இருந்தவர் ஹெரால்டு மாக்மில்லன். மலேசியா பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்டோபர் தொடக்கத்தில் ஓர் இரவு அவருக்கு மூத்திரம் அடியோடு நின்று போய்விட்டது. தாங்க முடியாத வேதனை. 10-ஆம் தேதி அறுவைச் சிகிச்சை நடந்தது. 18-ஆம் தேதி பதவியைத் துறந்துவிட்டார். புற்று நோயாக இருக்கலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. ஆனால் சோதித்துப் பார்த்ததில் அது புற்று நோயே அன்று, சாதாரண வீக்கந்தான். அப்பொழுது அவருக்கு 69 வயது. அதற்குப் பிறகும் 23 ஆண்டு வாழ்ந்து, 1986-இல் 92-ஆவது வயதில் காலமானார்.

2024 ஜனவரியில் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் சார்லஸ் தமக்கு புராஸ்டேட் வீக்கம் என்பதையும், சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதையும் உலகறியச் சொல்லச் செய்தார். மற்ற ஆண்களும் போய்ச் சோதித்துக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். அரண்மனையில் இருப்பவர் வெட்கப்படவில்லை. லயத்தில் இருக்கும் நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம்மவர் ஒருவரையும் சொல்லுவோம். 1929-ஆம் ஆண்டின் இறுதியிலும் 1954-ஆம் ஆண்டின் இறுதியிலும் மலாயாவுக்கு வந்து தமிழர்களிடையே பேசிய பெரியார் ஈ.வெ.ராமசாமி, தம் கடைசி ஆண்டுகளில் மூத்திரம் வடிவதற்குக் குழாய் பொருத்திக்கொண்டு வாழ்ந்தார். அது வடியும் பாத்திரத்தையும் உடன் எடுத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போய்க் கூட்டங்களில் பேசினார். 1973 டிசம்பர் 19-ஆம் தேதி சென்னை தியாகராய நகரில் கடைசிக் கூட்டம். ஐந்து நாள் கழித்து 24-ஆம் தேதி வேலூர் ஆஸ்பத்திரியில் 94-ஆவது வயதில் மறைந்தார். அவர் கொள்கையை ஏற்போரும் மறுப்போரும் இங்கே இருக்கலாம். நாம் சொல்ல வந்தது வேறு. குழாய் போட்டால் மனிதன் தீர்ந்தான் என்று நம்மில் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகவே அஞ்சுகிறார்களே, குழாயோடு ஒரு முதியவர் ஆண்டுக்கணக்கில் மேடையேறிப் பேசியிருக்கிறார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

எப்பொழுது ஓட வேண்டும்?

நம் லயத்திலே ஒரு பெரியவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 66 வயது. இரண்டு வருஷமாக மெல்லிய தாரை. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சளி பிடிக்கிறது, கடையில் சளி மாத்திரை வாங்கிப் போடுகிறார். அன்று சாயங்காலம் ஒரு விருந்து, கொஞ்சம் சாராயமும் உள்ளே போகிறது. இராத்திரி மூத்திரம் வரவில்லை. அடிவயிறு கல்போல் உப்புகிறது. "விடியட்டும்" என்று படுத்துப் புரள்கிறார்.

தோழர்களே, இந்த இடத்தில் விடியும் வரை காத்திருக்கலாகாது. மூத்திரம் அடியோடு நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், நள்ளிரவானாலும் போக வேண்டும். அங்கே ஒரு குழாயை உள்ளே செலுத்தினால் சில நிமிடங்களில் வேதனை அடங்கிவிடும். சளிக்கும் மூக்கடைப்புக்கும் விற்கும் பல மாத்திரைகளும், தூக்கம் வரச் செய்யும் அரிப்பு மாத்திரைகளும், மதுவும், மலச்சிக்கலும் இப்படி மூத்திரத்தைக் கட்டிவிடக்கூடும். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும்பொழுது, "எனக்கு மூத்திரக் கோளாறு உண்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இன்னொரு வகை இதைவிட மோசமானது. அதில் வலியே இருக்காது. பை நாளடைவில் விரிந்து, சோர்ந்து, எப்பொழுதும் நிறைந்தே நிற்கும். நிறைந்த பானை வழிவதுபோல் மூத்திரம் தானாகக் கசியும், தூக்கத்தில் பாய் நனையும். "கிழவருக்கு அடக்கம் இல்லை" என்று வீட்டில் ஏசுவார்கள். ஏச வேண்டாம். தேங்கிய மூத்திரத்தின் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் அடையாளமாக அது இருக்கலாம். வலியில்லாமலே இரண்டு சிறுநீரகமும் போய்விட்டால் பிறகு வாரத்துக்கு மூன்று தடவை இரத்தம் சுத்திகரிக்க மிஷினில் படுக்க வேண்டியதுதான். ஒரு பேச்சினால் தடுத்திருக்கக்கூடிய கேட்டுக்கு ஒரு குடும்பமே விலை கொடுக்கும்.

மூத்திரத்தில் இரத்தம் தெரிந்தாலும், எரிச்சலோடு குளிர் காய்ச்சல் வந்தாலும், அதையும் நாள் கடத்தலாகாது.

மருந்து உண்டு

சிறிய தொல்லைக்கு மருந்தே தேவைப்படாமல் இருக்கலாம். மாலைக்குப் பிறகு தேத்தண்ணீர், காப்பி, மது குறைக்கலாம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை நிறுத்தலாம். போய் முடித்த பிறகு சற்று நின்று மறுபடியும் முயன்று பையைக் காலி செய்யலாம். ஆனால், மூத்திரத்துக்குப் பயந்து பகலில் வெயிலில் வேலை செய்கையில் தண்ணீரே குடிக்காமல் இருப்பது பெரும் தவறு. மூத்திரம் தடித்து எரிச்சலும் கல்லும் உண்டாகும்.

நடுத்தரத் தொல்லைக்கு மாத்திரை இருக்கிறது. டாம்சுலோசின் போன்றவை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே குணம் தெரியும். சடக்கென்று எழுந்தால் தலை சுற்றும், ஆகவே மெல்ல எழ வேண்டும். கண்ணில் புரை அறுக்கப் போகிறவர்கள் இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பினாஸ்டரைடு போன்ற வேறு வகை, சுரப்பியையே சுருங்கச் செய்யும். அதற்கு ஆறு மாதம் வரை பொறுமை வேண்டும். பத்து நாள் சாப்பிட்டு, "ஒன்றும் கேட்கவில்லை" என்று தூக்கி எறிவது சரியன்று. மாத்திரைக்கு அடங்காவிட்டால் அறுவைச் சிகிச்சை. வயிற்றைக் கிழிக்காமலே, மூத்திரக் குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி அடைப்பைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். பல காலமாகச் செய்துவரும் சிகிச்சை அது.

இராச் சந்தையில் "ஆண்களுக்கான லேகியம்" என்று விற்கிறார்களே, அதில் கையை வைக்க வேண்டாம். இப்படிப்பட்ட சரக்குகளில் பெயர் சொல்லாமல் இங்கிலீஷ் மருந்தைக் கலந்திருப்பதை அரசாங்கம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

செலவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. தம்பினில் அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. கெமெஞ்சேயிலிருந்தும் கெமாஸிலிருந்தும் ரெப்பாவிலிருந்தும் வருகிறவர்கள் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போனால், அங்கே குடிமக்களுக்கு வாங்குவது ஒரு வெள்ளிதான். பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். சம்பளம் போய்விடுமே என்ற கவலையும் வேண்டாம். 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் நமக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுமுறை தந்திருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள் வரை. இது யாரும் போடும் பிச்சை அன்று, நம் உரிமை.

தோழர்களே! இந்த வட்டாரத்தில் எத்தனையோ தோட்டங்களில் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. அந்த ரப்பரை நாற்பது வருஷம் வெட்டிய கைகள் இன்று நம் வீட்டுத் திண்ணைகளில் ஓய்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பெரியவர்கள் கேட்கிற வேலை ஓய்வோடு இரவுத் தூக்கத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், உங்கள் அப்பாவை, தாத்தாவை, பக்கத்து வீட்டுப் பெரியப்பாவை அந்த ஏழு கேள்விகளையும் கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடாதீர்கள், மறுநாளும் கேளுங்கள். கிளினிக்குக்குப் போகத் துணை வேண்டுமென்றால் நாம் கூட வருகிறோம்.